பூடானோட தேசியப் பட்டாம்பூச்சிய தேடிப் போறது எப்படி? முதல்ல அதோட புழு திங்குற செடிக்கொடிய கத்துக்கோங்க

பூடானுக்குக் கடல் கிடையாது, வடக்க திபெத், மத்த பக்கமெல்லாம் இந்தியா. அதோட வடகிழக்கு மூலையில ட்ராஷியாங்சே பள்ளத்தாக்குல 1930கள்ல ஃப்ராங்க் லட்லோ, ஜார்ஜ் ஷெரிஃப்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளருங்க ஒரு பட்டாம்பூச்சிய புடிச்சாங்க, அப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படல, 2009ல பம்டெலிங் சரணாலயத்துல மறுபடி தென்பட்டுச்சு. 2012ல அதுதான் தேசியப் பட்டாம்பூச்சி. பேரு லட்லோஸ் பூடான் க்ளோரி.

ஸ்டெப் 1: ஊர்லயே பழகுங்க
இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இதான் முக்கியம். அந்தப் பூச்சியோட புழு சாப்பிடுறது அரிஸ்டலோகியா கொடிய மட்டும்தான். அதே குடும்பத்துக் கொடி நம்ம ஊர்லயும் இருக்கு, ஈஸ்வரமூலின்னும் கருடக்கொடின்னும் சொல்வோமே, அதான். வேலியோரத்துல தேடி இலைய மெதுவா திருப்பிப் பாருங்க. கருஞ்சிவப்புல உடம்பெல்லாம் சதைமுள்ளோட, நடுவுல ஒரு வெள்ளைப் பட்டையோட புழு இருந்தா அது ரோஸ் வகைப் பட்டாம்பூச்சியோடது, நம்ம பூடான் க்ளோரிக்குச் சொந்தக்காரன்தான். லேசா சீண்டினா தலைக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு மாதிரி நாத்தம் வரும். கொடியில இருக்குற விஷம் புழு உடம்புல சேர்ந்துடும், அதனால பறவைங்க பெரும்பாலும் கிட்ட வராது. ஒரு மாசம் இத பாத்தீங்கன்னா கண்ணு தானா கொடியத் தேட ஆரம்பிச்சிடும்.

ஸ்டெப் 2: மாசம்
ஆகஸ்ட், செப்டம்பர். மழைக்காலம், மலை ரோடு சரியும், ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: வழி
குவாஹாத்தி போய் சம்த்ருப் ஜோங்கார் எல்லையில நுழைஞ்சு ட்ராஷிகாங் வழியா மேல ஏறுங்க. மேற்குல இருக்குற பாரோ ஏர்போர்ட்டுல இறங்கினா நாடு முழுக்கக் குறுக்கால போகணும், வேணாம். பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி போதும், இந்தியர்களுக்கு ராத்திரிக்கு 1200 ரூபா அரசுக் கட்டணம். பூடான் நேரம் நம்மளவிட அரை மணி முன்னாடி, வாட்ச்ச அப்படித் தள்ளிடுங்க.

ஸ்டெப் 4: காட்டுல
லோக்கல் கைடோட மட்டும் போங்க. வலை கொண்டு போகவே கூடாது, இது ரொம்பக் கொஞ்சமா மிச்சமிருக்குற உசுரு. பைனாகுலர் போதும். மரத்து உச்சியிலதான் மெதுவா மிதக்கும், அதனால கொடி படர்ந்த மரமா பாத்து, வெயில் வர்ற வரைக்கும் அதுக்குக் கீழயே நில்லுங்க. கருப்பு றெக்கையில வெளிறின கோடுங்க, பின்றெக்கையில சிவப்புத் திட்டு, அதுக்குக் கீழ வாலுங்க. பூவுக்கு இறங்கினா அசையாதீங்க, மூச்சக்கூட மெதுவா விடுங்க.