தோல் புற்றுநோய்: முகத்தோடு நிற்காமல் உள்ளங்காலையும் பாருங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் தோல் புற்றுநோய் என்று சொன்னால், "அது வெள்ளைக்காரனுக்கு வருவது அல்லவா" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பாட்டியின் முழங்காலுக்குக் கீழே இருந்த பழைய தழும்பு வாய் திறக்கும் வரை. கருப்பட்டி காய்ச்சும்போது கூப்பனி (கொதிக்கும் பாகு) கொட்டி வெந்த தழும்பு அது, முப்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் நடுவில் சின்னதாக ஒரு புண். மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய், தெரிந்த பச்சிலை எல்லாம் போட்டு ஏழு மாதம் ஓட்டினோம். ஓரம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி பிதுங்கி, வாடை வந்த பிறகுதான் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனோம்.

அது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தோல் புற்றுநோயின் மூன்று முக்கிய வகைகளில் ஒன்று. காது, கீழுதடு மாதிரி வெயில் படும் இடத்திலும் வரும். ஆனால் நம் நிறத் தோலில் வெயிலே படாத இடத்திலும் வருகிறது: தீக்காயத் தழும்பு, ஆறாத புண், வருடக்கணக்கில் உரசிக்கொண்டே இருக்கும் இடம். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வருவதற்கு 'வேட்டிப் புற்று' என்றே மருத்துவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் இதே கதைதான். தொட்டால் கெட்டியாக, செதிலாக இருக்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும். காலில் இப்படி ஒன்று இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், இது அங்கே பரவக்கூடியது.

உலகத்தில் அதிகம் பேருக்கு வருவது பேசல் செல் கார்சினோமா. மூக்கின் ஓரம், கண்ணுக்குக் கீழே என்று பெரும்பாலும் முகத்தில்தான் வரும். படங்களில் ரோஸ் நிற முத்து மாதிரி காட்டுவார்கள், நமக்கு அது கறுப்பாக, மச்சம் போலவே இருக்கும். டார்ச் அடித்தால் ஒரு பளபளப்பு, சுற்றிலும் வரப்பு கட்டியது போல் ஓரம், நடுவில் பள்ளம். துவாலையால் துடைத்தால் ரத்தம், பொருக்கு, ஆறுவது போல் ஆறி மறுபடி ரத்தம். வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம்தான், ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும்.

மெலனோமா மூன்றிலும் குறைவாக வருவது, ஆனால் பொல்லாதது. ஒரு பாதி போல் மறு பாதி இல்லாத, ஓரம் கிழிந்தது போன்ற, இரண்டு மூன்று நிறம் கலந்த, பென்சில் முனை ரப்பரைவிட (சுமார் 6 மில்லிமீட்டர்) பெரிதான, முக்கியமாக மாறிக்கொண்டே இருக்கும் மச்சம் என்றால் சந்தேகப்படுங்கள். நம்மிடம் இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்குக் கல்லில் இடித்து நகம் கறுப்பது சகஜம், அதனால்தான் இதைக் கவனிக்காமல் விடுகிறோம். வித்தியாசம் கண்டுபிடிக்க வழி உண்டு. கட்டிய ரத்தம் நகம் வளர வளர முன்னால் நகரும், அடியில் வெள்ளை நகம் தெரியும். கால் நகம் மெதுவாக வளர்வதால் முழுதாகப் போக ஒரு வருடத்துக்கு மேலாகலாம். மெலனோமா கோடு நகராது, வேரிலிருந்தே அகலமாகிக்கொண்டு வரும், சில சமயம் நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு ஏறும். பல நகங்களில் மெல்லிய கோடு இருந்தால் அது பெரும்பாலும் நம் தோல் நிறத்தால் வருவது. ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமானால் காட்டுங்கள்.

மாதம் ஒரு முறை குளித்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: விரல் இடுக்கு, குதிகால், முதுகு, தழும்புகள். உச்சந்தலையை முடி வெட்டுகிறவரிடம் கேளுங்கள், அவர் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகமானதைப் பக்கத்தில் ஒரு ரூபாய் காசு வைத்து போனில் படம் எடுங்கள், அடுத்த மாதம் அதே காசோடு இன்னொன்று. நான்கு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு அடுத்த படமெல்லாம் வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பிறவியிலேயே உடம்பு முழுக்க வெளுத்த அல்பினிசம் உள்ளவர்கள் டாக்டரிடமே அடிக்கடி காட்ட வேண்டும்.

அப்புறம் இந்தச் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து மருவில் வைக்கிற வேலை. தயவுசெய்து வேண்டாம். மேலே வெந்து கொட்டிவிடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

"கத்தி பட்டால் பரவும்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், அந்தப் பேச்சிலேயே இரண்டு மாதம் போனது. பயாப்ஸி என்பது மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுப்பது, அவ்வளவுதான்; அதனால் புற்று பரவாது. பாட்டிக்கு வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். இப்போது கம்பு ஊன்றிச் சந்தை வரை போய் வருகிறார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ, பக்கத்தில் உள்ள தோல் டாக்டரிடமோ முதலில் காட்டலாம். போகும்போது பழைய படங்களைக் கொண்டு போங்கள், நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள், மருதாணி வைப்பதை மட்டும் தள்ளிப் போடுங்கள், அந்தச் சிவப்பில் நகத்துக் கோடு எதுவும் தெரியாது.