கடிபட்டால் ஒளிக்க வேண்டாம்: நாய்க் காப்பகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கொழும்புப் பக்கம் காப்பகங்களில் வேலைக்குச் சேருகிறவர்களில் சிலர் நாய், பூனை மேலுள்ள பிரியத்தில் வருகிறார்கள். சிலர் வேறு வேலை கிடைக்காமல் வருகிறார்கள். இரண்டு வகையினரும் முதல் கிழமையிலேயே என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இதில் எது கடிக்கும்?" எல்லாம் கடிக்கும். கடித்தால் அடுத்த கால் மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக்குள் கால் வைக்கும் முன் ஊசி. விசர் நாய்க்கடிக்கு முற்கூட்டியே போடும் தடுப்பூசி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் சொல்வது முதல் நாள் ஒன்று, ஒரு கிழமை கழித்து ஒன்று என இரண்டு தடவை. உங்களுக்கு எத்தனை என்பதை டொக்டர் தீர்மானிப்பார். இதைப் போட்டுக்கொண்டவருக்கு விசர் பிராணி கடித்தாலும் ஊசி தேவைதான். ஆனால் எண்ணிக்கை குறையும், இம்யூனோகுளோபுலின் என்ற அந்த வலிமிக்க ஊசி தேவைப்படாது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஊசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்தால் நல்லது. அட்டை வீட்டு அலுமாரியில் இருக்கும், கடி இங்கே நடக்கும்.

சரி, கடி நடந்துவிட்டது. பல்லோ, நகக் கீறலோ, புண்ணுள்ள தோலில் நாக்குப் பட்டதோ, எதுவானாலும் நேரே குழாயடிக்குப் போங்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், முழுதாக 15 நிமிடம். விசர் வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு, சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். அதனால் வாசனைச் சவர்க்காரமா சன்லைட் கட்டியா என்று தேட வேண்டாம், கையில் கிடைத்தது போதும். கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்திருந்தால் மட்டும் வெறும் தண்ணீர். 15 நிமிடம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இரத்தம் நின்றதும் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் இடத்தில் கழுவுகிறவர் தனியாக நிற்பதில்லை. இன்னொருவர் பக்கத்தில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் பொவிடோன் அயடின் என்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இரத்தம் நிற்காமல் ஓடினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசில்லை. முகம், தலை, கழுத்து, விரல் நுனி, ஆழமான கடி, பல இடத்துக் கடி என்றால் சின்னக் கிளினிக்குகளில் நேரத்தை வீணாக்காமல் தேசிய வைத்தியசாலைக்கே போய்விடுங்கள். போனதும் "நாய்க் காப்பகத்தில் வேலை செய்கிறேன், இந்தப் பிராணி இப்படி, இன்றைக்கு இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். பிராணியைக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம். தனிக் கூட்டில் போட்டு 14 நாள் பார்க்க வேண்டும். நாயின் எச்சிலில் வைரஸ் வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். 14 நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். ஆனால் 14 நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று நீங்களாகக் கணக்குப் போடக் கூடாது. ஊசியைத் தொடங்குவதா, நிறுத்துவதா என்பது டொக்டரின் வேலை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய தலையிடி, கடியை ஒளிப்பதுதான். ஏப்ரல் வெயிலில் ஒரு தம்பி முழுக்கை சேர்ட் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு கூடு கழுவிக்கொண்டிருந்தார். கையை மடிக்கச் சொன்னேன். மணிக்கட்டில் கடுகளவு இரண்டு புள்ளி, ஒரு கீறல். தெமட்டகொடையிலிருந்து முதல் நாள் கொண்டுவந்த குட்டி. "குட்டிதானே அக்கா, சொன்னால் அதைக் கொன்றுவிடுவீர்கள் என்று பயந்தேன்" என்றார். குட்டிக்கும் விசர் வரும். பூனைக்கும் கீரிக்கும் வரும். அன்றைக்கே ஊசி தொடங்கியது. சில நாளில் குட்டி செத்துப்போனது. மிருக வைத்தியர் தலையை எடுத்து, ஒழுகாத பெட்டியில் ஐஸ் போட்டு, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். விசர் இல்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனால் முடிவு வரும் வரை அந்தத் தம்பி ஊசி இல்லாமல் காத்திருக்கவில்லை, எனக்கு அது போதும். இன்னொன்று: செத்த பிராணியின் தலையில் நீங்கள் கை வைக்கக் கூடாது. அது மிருக வைத்தியரின் வேலை.

ஒளிக்கிறவர்களை ஏசிப் பயனில்லை. மேலே இருப்பவர் கடிபட்டவரைப் பார்த்து "கவனமில்லையா?" என்று தொடங்கினால் அடுத்த கடியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்களிடம் குழாயடியில் ஒரு சீ.ஆர். கொப்பி தொங்குகிறது. திகதி, நேரம், எந்தக் கூடு, உடம்பில் எங்கே, என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். யார் பிழை என்று ஒரு நிரல் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான் விடவில்லை. அந்தக் கொப்பியைப் புரட்டினால் வேறொன்றும் தெரியும்: கடிகள் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலும் கதவுகளிலும் நடக்கின்றன. ஆகவே சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கூட்டில் நாய் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம். இரட்டைக் கதவில் ஒன்று பூட்டாமல் மற்றதைத் திறக்காதீர்கள்.

நாய் உறுமுவதைத் தண்டிக்க வேண்டாம், அது எச்சரிக்கை தருகிறது. உறுமாமலே கடிக்கிற நாய்க்குத்தான் பயப்பட வேண்டும். உடம்பு விறைத்து நிற்பது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, இதில் எதைப் பார்த்தாலும் பின்வாங்குங்கள். நேரே குனிந்து தலையில் கை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு நாய் சண்டை பிடித்தால் நடுவில் கை விடவே கூடாது. தண்ணீர்க் குழாய், வாளிச் சத்தம், நடுவில் செருக ஒரு பலகை; கழுத்துப்பட்டியைப் பிடிக்கப் போய்த்தான் விரல் கிழிகிறது. பூனைக்குத் தடித்த துவாய். பூனையின் பல் ஊசி மாதிரி உள்ளே போய் மேலே மூடிக்கொள்ளும், ஒரு நாளில் கை வீங்கிவிடும். கையில் பூனைக்கடி என்றால் வீக்கம் பார்க்கக் காத்திருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

தைப்பொங்கல் தொடங்கி டிசம்பர் 31 வரை கொழும்பில் வெடிக்குக் குறைவில்லை. ஏப்ரல் புதுவருட இரவும் தீபாவளி விடியற்காலையும் அமைதியான நாயே சுவரேறும். அந்த நேரத்தில் ஆட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த இரவுகளில் தனியாக ஒருவரைக் காவலுக்கு வைக்காதீர்கள், கூட்டுக்குள் போய்ச் சமாதானப்படுத்தவும் வேண்டாம்.

இப்போது கழுவும் வேலை. நாயைவிட இந்த வாளி என்னை அதிகம் பயப்படுத்தும். டி.சி.எல். என்ற குளோரீன் பவுடரையோ குளோரீன் திரவத்தையோ ஹார்பிக் மாதிரி அமிலக் கழுவியோடு சேர்த்தால் குளோரீன் வாயு வரும். மூடிய அறையில் இரண்டு மூச்சு போதும், இருமல் நிற்காது. சிறுநீர் தேங்கிய தரையில் நேரே குளோரீன் ஊற்றினாலும் அமோனியாவோடு சேர்ந்து கண்ணெரியும் வாயு எழும். வரிசை இது: முதலில் மலத்தை அள்ளுங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து அலசுங்கள், கடைசியில்தான் குளோரீன். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரீன் அழுக்கோடு மல்லுக்கட்டியே செத்துப்போகும், நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் அப்படியே இருக்கும். 5 சதவீதத் திரவம் என்றால் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம் விட்டு அலசி, காய்ந்த பிறகு நாயை விடுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். பவுடரைத் தண்ணீரில் போடுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், கண்ணாடி, கையுறை, கம்பூட்ஸ் கட்டாயம். வெறுங்காலோடோ செருப்போடோ நின்று கழுவுகிறவரை நான் வேலையை விட்டு வெளியே அனுப்பிவிடுவேன்.

கம்பூட்ஸுக்கு இன்னொரு காரணம் எலிக்காய்ச்சல். எலி, நாய் இரண்டின் சிறுநீரிலும் கிருமி வரும், தண்ணீர் தேங்கினால் தோலிலுள்ள வெட்டு, கீறல் வழியே உள்ளே போகும். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறுகிற நாட்களில் இதை மறக்கவே கூடாது. வடிகானை அடைபடாமல் வையுங்கள், மிச்சச் சோற்றை இரவில் விடாதீர்கள், எலி வராது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு வந்தால் "நாய்க்கூடு கழுவுகிறேன்" என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை விழுங்காதீர்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை வேண்டுமா என்று உங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம், கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

மற்றவை சுருக்கமாக. ஊசியை மூடியில் திரும்பச் செருக வேண்டாம், நேரே கடினமான டப்பாவில் போடுங்கள். சோற்றுக் கிடாரத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்காதீர்கள், ஆறட்டும். சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசை வேண்டாம். பெரிய நாயை இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். மூடிய கொட்டகையில் கூட்டக் குரைப்பு காதைக் கெடுக்கும், காதடைப்பான் விலை குறைவு. படர்தாமரை, சொறி வந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

நட்டஈடு பற்றியும் ஒரு சொல். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் காயப்படுகிறவர்களுக்காகத்தான் இருக்கிறது. கொப்பியில் உள்ள பதிவும், ஆஸ்பத்திரிச் சீட்டும், சம்பளத் துண்டும் இருந்தால்தான் நட்டஈடு கேட்டுப் பேசலாம். சீட்டை அலுவலகத்தில் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுங்கள்.

வேலை முடிந்து போகும்போது கம்பூட்ஸும் வேலை உடுப்பும் இங்கேயே இருக்கட்டும், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கர்ப்பிணியாக இருந்தாலோ, மண்ணீரல் எடுத்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ பொறுப்பாளரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பூனை மணல் தட்டு உங்கள் பக்கம் வராமல் பட்டியலை மாற்றி எழுதுவோம்.