பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் ஆக்ஸிலில் சத்தமா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பின்சக்கரங்களால் இயங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பின்பக்கத்திலிருந்து ஓசை எழுந்ததும் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் பற்சக்கரத் தொகுதி) போய்விட்டது என்று முடிவு கட்டுவதே பலரின் வழக்கம். ஆனால் டயர், சக்கர பேரிங், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்து கொடுத்துச் சுழலும் இணைப்பு) ஆகிய மூன்றுமே ஏறக்குறைய அதே ஓசையை எழுப்பக்கூடியவை. டிஃபரன்ஷியலைவிட மிகக் குறைந்த உழைப்பில் சரியாகக்கூடியவையும் கூட. எனவே இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டும்.

முதல் படி: ஓட்டிக் கேட்பது

நெரிசலற்ற, சமதளமான சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஓசை தெளிவாகக் கேட்கும் வேகத்தைக் கண்டுகொண்டு, அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டுங்கள். கியர் மாறியதும் ஓசையின் சுருதியும் மாறினால் அது எஞ்சினையோ கியர்பாக்ஸையோ சேர்ந்ததாக இருக்கும். வேகத்தை மட்டுமே பின்பற்றினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் அதற்குப் பின்னாலும் தேடலாம். சாலையின் பரப்பு மாறும்போது ஓசையும் மாறுகிறது என்றால், டயரின் தேய்மானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரின் இரைச்சலைப் பேரிங் சத்தத்திலிருந்து பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். முன், பின் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டுக் கேட்பது நல்ல சோதனை. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் உள்ள காரில் மட்டும் இது பொருந்தாது.

அடுத்து ஆக்ஸிலரேட்டரைக் கவனியுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை போன்ற ஓசை எழுந்து, காலை எடுத்ததும் அடங்கினாலோ, அதற்கு நேர்மாறாக நடந்தாலோ, டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் பற்களில் குறை இருக்க வாய்ப்புண்டு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே சீராக உறுமினால் பேரிங்கையே சந்தேகிக்க வேண்டும். பினியன் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் (எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வழக்கமான விகிதம் 3.909:1, அதாவது சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பினியன் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றிவிடும்) பினியன் பேரிங்கின் ஓசை மெல்லியதாகவும் வேகமானதாகவும், சக்கர பேரிங்கின் ஓசை கனத்ததாகவும் கேட்கும். வலப்புறம் வளையும்போது இடப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் கூடும்; அப்போது உறுமல் பெருகினால் இடப்பக்க பேரிங்கின் மேல் ஐயம் வலுக்கிறது. கிளட்சை விட்டுப் புறப்படும் கணத்தில் ஒரே ஒரு ‘டங்’ என்று கேட்டால், அது எங்கோ ஓர் இணைப்பில் உள்ள அதிகப்படியான ஆட்டத்தின் அடையாளம்.

இரண்டாம் படி: தூக்கி நிறுத்திப் பார்ப்பது

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியால் பின்பக்கத்தை உயர்த்தி, ஆக்ஸில் குழாய்களின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் செல்லக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிறகு ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறுகையால் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். காதுக்குக் கேட்காத சொரசொரப்பையும் ஸ்பிரிங் விரல் நுனிக்குக் கடத்திவிடும். இருபக்கமும் செய்து ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலப்படும். காருக்கு கம்பி ஆரச் சக்கரங்கள் இருந்தால், உதவிக்கு ஒருவரைக் கால் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்ப முயலுங்கள். பிரேக் ட்ரம் நிற்க, சக்கரம் மட்டும் சிறிது நகர்ந்தால் ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியின்) ஸ்ப்ளைன் பற்கள், அதாவது சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும் வரிப்பற்கள், தேய்ந்துள்ளன. ‘டங்’ ஓசைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அதே நிலையில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இருபுறமும் முறுக்கி, யுனிவர்சல் ஜாயின்டின் சிலுவைக்கும் கவைக்கும் இடையே அசைவு தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல ஜாயின்டில் கண்ணுக்குத் தெரியும் அசைவு இருக்காது. அதைச் சுற்றிச் செந்துரு நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள்.

எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இருமடங்கு வேகத்தில் சுழலும் என்பதே போதுமான காரணம்.

மூன்றாம் படி: ஆயில்

சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கியபின், முதலில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றுங்கள். அது துருவேறிக் கழல மறுத்தால், வடித்துவிட்டு மீண்டும் நிரப்ப வழியில்லாமல் நிற்க நேரும். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தால் அளையுங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற நுண்துகள் இயல்பான தேய்மானம். விரல்களுக்கு இடையே நெருடும் செதில்களோ பல்லின் துண்டோ வந்தால் காரை அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

காரின் கையேடு கூறும் ஆயிலையே நிரப்புங்கள். கிரவுன் வீல், பினியனின் ஹைப்பாய்டு வகைப் பற்களுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் தேவைப்படும். டிஃபரன்ஷியல் லிமிட்டெட் ஸ்லிப் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) இருந்து, குறுகிய திருப்பங்களில் அதிர்ந்து கடகடத்தால், உராய்வைச் சீராக்கும் சேர்மம் இல்லாத ஆயில் ஊற்றப்பட்டிருக்கலாம். சரியான ஆயிலை நிரப்பி, ஆளில்லாத திறந்தவெளியில் மெதுவாக எட்டு வடிவில் சில முறை ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நான்காம் படி: சரிசெய்தல்

யுனிவர்சல் ஜாயின்டை மாற்றுவது வீட்டிலேயே முடியக்கூடிய வேலை. ஷாஃப்டைக் கழற்றுமுன் அதுவும் ஆக்ஸிலும் இணையும் இரண்டு ஃபிளாஞ்சுகளின் (இணைப்புத் தட்டுகளின்) குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இடுங்கள்; திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் பொருத்தாவிட்டால் புதிதாக அதிர்வு தோன்றக்கூடும். சக்கர பேரிங்கைப் பொறுத்தவரை, பல கார்களில் அது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்டின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், அந்த ஷாஃப்டை நீங்களே உருவி எடுத்து, பிரஸ் உள்ள பட்டறையில் மாற்றிவாங்குவது நல்லது. கூடவே ஆயில் சீலையும் மாற்றுங்கள். பழைய சீல் வழியே கசிந்த ஆயில் பிரேக் ஷூவில் ஊறியிருந்தால் அந்த ஷூவும் மாற்றத்துக்கு உரியதே.

பினியன் நட்டை மட்டும், சீல் மாற்றுவதற்காகக்கூட, யோசிக்காமல் கழற்றாதீர்கள். பல ஆக்ஸில்களில் அதன் பின்னால் நசுங்கும் வகை ஸ்பேசர் (இடைவெளியைக் காக்கும் குழல்) ஒன்று உள்ளது. நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங்கின் முன்னழுத்தம் (பூட்டும்போதே அதற்குக் கொடுக்கப்படும் அழுத்தம்) அளவு மீறிவிடும். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான பல் இடைவெளி மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுகளில் டயல் கேஜால் அளந்து, ஷிம்களால் (மெல்லிய தகடுகளால்) சரிசெய்யப்படுவது. அந்த வேலையை அதில் பழகியவரிடம் ஒப்படையுங்கள். பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் மெல்லிய ஊளையோடு, ஆயில் சுத்தமாக இருந்தால், காரை அப்படியே ஓட்டுவதில் தவறில்லை என்பது என் கருத்து. தேய்ந்து பழகிய பற்களுக்குப் புது நிலை கொடுத்தால் ஓசை கூடுவதும் உண்டு.

வேலை முடிந்ததும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். நிறுத்தியபின் இரு பின்சக்கர ஹப்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள்; ஒரு பக்கம் தெளிவாக அதிகம் கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகு புதிய பேரிங்கைச் சோதியுங்கள்.