விவசாயத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்ப்பது?

அரசு ஒரு விவசாயத் திட்டத்தை அறிவித்தால் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், பயனாளிகள் பட்டியலை யார் எழுதுகிறார் என்று பாருங்கள். ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2005இல் மானிய உரக் கூப்பன் வந்தபோது பெயர் சேர்ப்பதில் ஊர்த் தலைவர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. மக்காச்சோளம் நன்றாக விளைந்தது உண்மைதான், ஆனால் ஒரு மூட்டை உரத்துக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதும் அதோடு முடிவாகிவிட்டது.

அப்புறம் நிலப் பத்திரம். மலேசியாவில் 1956இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு நில மேம்பாட்டு அமைப்பு, நிலமில்லாத குடும்பங்களை ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் குடியேற்றியது. வீடு, சாலை, பள்ளி எல்லாம் வந்தன. ஆனால் கடன் கொடுப்பதும் விளைச்சலை வாங்குவதும் ஒரே அமைப்பு, அதற்கு மேலே அரசு. அந்தக் குடியேற்றங்கள் பல பத்தாண்டுகள் ஆளுங்கட்சியான அம்னோவின் வாக்குக் கோட்டையாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? ஆகவே உங்கள் கைக்கு வரும் காகிதத்தில் கடன் எப்போது முடியும், பட்டா யார் பேரில், விளைச்சலை வெளியே விற்கலாமா என்று தேடுங்கள்.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விதைப்பெல்லாம் முடிந்த பிறகு, தேர்தலுக்குச் சரியாக முன்னால் உரம் வந்தால் கணக்கு புரிந்துவிடும். சரி, வாங்காமல் விடவா? வாங்குங்கள், உங்கள் வரிப்பணம்தான். ரசீதை மட்டும் கட்சிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.