கடலுக்கும் களப்புக்கும் பைனாகுலர் வாங்கும்போது விடும் பிழைகள்

கொக்கிளாயில் பறவை பார்க்க வருகிறவர்கள், முல்லைத்தீவுக் கரையில் புதிதாகப் படகு இறக்கியவர்கள், இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நிற்கிற பெடியள் என்று கனபேரின் கழுத்தில் இப்போது ஒரு பைனாகுலர் தொங்குகிறது. வாங்கும்போது விட்ட பிழைகள் மட்டும் பழையவை. முதல் பைனாகுலர் வாங்கிய எல்லாரும் விட்ட அதே பிழைகள். சூரியனைப் பார்க்காதே, வாரைக் கழுத்தில் மாட்டு என்பவை பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

பெரிய இலக்கத்துக்கு மயங்குவது

7x50 என்றால் 7 மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீற்றர். கடைக்குப் போகிறவர் 12, 20 என்று மேலே மேலே கேட்பார். உருவம் பெருக்கும் கண்ணாடி கைநடுக்கத்தையும் அதே மடங்கு பெருக்கும் என்பது படகில் ஏறின பிறகுதான் விளங்கும். வாடைக் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கமும் சோளகத்தில் மன்னார்ப் பக்கமும் 12 மடங்கில் ஒரு படகின் இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். இலக்கம் துள்ளுமே தவிர வாசிக்க வராது. படகுக்கு 7, குளக்கட்டுக்கும் காட்டுக்கரைக்கும் 8x42. முழங்கையை ஊன்ற இடமிருந்தால் 10 வரை போகலாம்.

இரண்டாவது இலக்கத்தை முதலாவதால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 7x50இல் அது ஏறக்குறைய 7 மில்லிமீற்றர், 10x25இல் வெறும் 2.5. விடியமுன் கரைக்குத் திரும்பும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வயது போகப் போகக் கண்மணி 7 மில்லிமீற்றர் அளவுக்கு விரியாதுதான். ஆனாலும் படகு ஆடும்போது வட்டம் பெரிதாக இருந்தால் கண் அதிலிருந்து இலேசில் விலகாது. இதற்குக் கொடுக்கும் விலை பாரம்: 7x50 கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும்.

ஸூம் உள்ளவை

வாங்காதீர்கள்.

"வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்ற சொல்லை நம்புவது

காசு அதிகம் போவது இந்த இடத்தில்தான். கடையில் நடக்கும் கதை இப்படி இருக்கும்:

"அண்ணை, இது தண்ணிக்கு ஒண்டும் செய்யாதோ?"

"ஓம் தம்பி, மழைக்கும் பிடிக்கலாம்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது தூறலை, தம்பி கேட்டது கடலை. பெட்டியில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்", "வெதர் புரூஃப்" என்று மட்டும் போட்டிருந்தால், தெறிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும் என்பதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஐ.பி.எக்ஸ் தரம். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. 8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். படகுக்கு 7க்குக் கீழே இறங்காதீர்கள்.

மூடி இறுக்கமாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் அடைப்பில்லாத பைனாகுலர் மூச்சுவிடும். வெயிலில் பலகையில் கிடக்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று விரிந்து இடுக்குகளால் வெளியேறுகிறது. ஒரு அலை மேலே தெறித்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளியிலுள்ள ஈரத்தையும் உப்பையும் உள்ளே இழுக்கிறது. நடுச்சில்லைத் திருப்பினால் இரண்டு கண்துண்டுகளும் ஒரு பாலத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும் பழைய பாணிக் கண்ணாடிகள் இதில் இன்னும் மோசம். குவியம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சைக்கிள் பம்ப் மாதிரி அவை காற்றை இழுத்துத் தள்ளும். கடலுக்கென்று செய்த 7x50களில் நடுச்சில்லு இல்லாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகு இருப்பதற்கு இதுதான் காரணம். திருகுக்குள் ஓ-ரிங் என்ற இறப்பர் வளையம் இருக்கும். உங்கள் கண்ணுக்கு ஒரு தடவை சரிசெய்து விட்டால் சில பத்து மீற்றருக்கு அப்பால் எல்லாம் தெளிவாகவே தெரியும், திரும்பத் தொடத் தேவையில்லை. கிட்டக் கிளையில் இருக்கும் மீன்கொத்திக்கு அது சரிவராது. அதற்கு, குவியம் மாற்றும் வில்லை உள்ளேயே நகரும் நேர்க்குழாய் வகையில் நீர்புகாத 8x42 ஒன்று பாருங்கள்.

உள்ளே நைதரசன் அல்லது ஆகன் நிரப்பியிருக்கிறதா என்பதும் முக்கியம். அந்த வாயு தண்ணீரைத் தடுக்காது, தடுப்பது ஓ-ரிங். உலர்ந்த வாயுவில் ஈரம் இல்லாததால் உள்ளே நீராவி புகாராகப் படியாது, அவ்வளவுதான்.

குளிரூட்டிய அறையிலிருந்து விடிய நந்திக்கடல் கரைக்குக் கொண்டுவந்தால் எந்தக் கண்ணாடியும் வெளியே புகார் பிடிக்கும். அது சில நிமிடத்தில் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. துணியால் துடைத்தும் போகாத புகார்தான் உள்ளே இருப்பது. அதைக் கண்டும் "வெயிலில வைச்சாச் சரியாகும்" என்று விடுகிறவர்கள் மார்கழி மழை முடிந்தபின் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். வில்லையின் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிலந்தி இழை மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். பூஞ்சணம். அது வில்லையின் மேலுள்ள பூச்சைத் தின்று கண்ணாடியிலும் தடம் விடும். கழற்றித் துடைத்து, பிறிசங்களைத் திரும்ப நேர்ப்படுத்தி, வாயு நிரப்பி மூடும் செலவு, மலிவுக் கண்ணாடியின் விலையைத் தாண்டிவிடும். மலிவாக வாங்கினவர் இரண்டாம் தடவை வாங்குவது இப்படித்தான்.

கடையிலேயே முன்கண்ணாடிப் பக்கமாக டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். தூசி, எண்ணெய்ப் படலம், இழை எதுவும் இருக்கக்கூடாது. ஐ.பி.எக்ஸ் 7 என்று எழுதியிருந்து, பிழையென்றால் திருப்பி எடுப்போம் என்று கடையும் ஒத்துக்கொண்டால், அந்தத் தவணைக்குள் ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். தண்ணீருக்குள் திருகைத் திருப்ப வேண்டாம். இடுக்குகளில் ஒட்டிய காற்று முதலில் கொஞ்சம் குமிழியாக வரும். ஒரே இடத்திலிருந்து குமிழி தொடர்ந்து வந்தால் அது ஓட்டை. பிறகு துடைத்து, ஒரு பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் (உறைபகுதியில் அல்ல) ஒரு மணித்தியாலம் வைத்து எடுங்கள். வெளிப்புகாரைத் துடைத்தபின்னும் உள்ளே வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

உப்பைச் சாரத்தால் துடைப்பது

நீர்புகாத சாமானை வாங்கிவிட்டுத் தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் இவர்கள். காய்ந்த உப்பு சின்னச் சின்னப் பளிங்கு. உடுத்த சாரத்தின் நுனியால் ஒரு இழு இழுத்தால் பூச்சில் கோடு விழும், அது பிறகு அழியாது. கரைக்கு வந்ததும் குடிதண்ணீரை மேலே ஊற்றி உப்பைக் கரைய விடுங்கள். கரையோரக் கிணறுகள் சில உவர், அந்தத் தண்ணீர் காய்ந்தாலும் வெள்ளை படியும். கண்குவளையைத் திருகி உயர்த்தி அதன் கீழேயும் ஊற்றுங்கள். உதறி, நிழலில் காயவிட்டு, கடைசியில் மென்துணியால் வில்லையைத் தொடுங்கள். நுளம்பு மருந்து பூசின கையால் தூக்காதீர்கள், டீட் (DEET) என்ற இரசாயனம் கலந்தவை இறப்பர் உறையை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்.

ரெக்சின் பைக்குள் ஈரத்தோடு போட்டு மூடுவதும் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும்.

சிவந்த கண்ணாடி

முன்கண்ணாடி சிவப்பாக மின்னும் வகை பார்க்க வடிவு. சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பூநாரையின் நிறமே மாறிவிடும். வேண்டாம்.

மூக்குக்கண்ணாடியோடு பார்த்துப் பாராமல் வாங்குவது

கண்துண்டுக்கும் கண்ணுக்கும் இடையில் குறைந்தது 15 மில்லிமீற்றர் தூரம் கொடுக்கும் வகையா என்று கேளுங்கள். இல்லையென்றால் படத்தின் ஓரம் வெட்டுப்படும்.

திசைகாட்டி உள்ளது என்று கூடக் காசு கொடுப்பது

நல்ல வசதிதான். ஆனால் திசைகாட்டித் தட்டு எந்தப் பிரதேசத்துக்குச் சமன்செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் இருப்பது காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட. இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது, வட ஐரோப்பாவில் செங்குத்துக்குக் கிட்டச் சரிந்து இறங்குகிறது. அங்கத்தைய தட்டு இங்கே சாய்ந்து உரசும். எஞ்சினுக்குக் கிட்ட நின்று பார்த்தாலும் பாகை பிழைக்கும்.

இந்த வகை பலவற்றில் தூரம் கணிக்க உள்ளே ஒரு அளவுகோலும் தெரியும். அதற்குக் கணக்கு இலேசு: பார்க்கும் பொருளின் உயரத்தை 1000ஆல் பெருக்கி, அளவுகோல் காட்டும் மில் (ஒரு சிறிய கோண அளவு) எண்ணால் பிரிக்க வேண்டும். 40 மீற்றர்க் கோபுரம் 10 மில் காட்டினால் தூரம் 4000 மீற்றர். கோபுரத்தின் அடி தெரிய வேண்டும், உயரமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்தக் கோடுகள் அலங்காரம்தான்.

மிதக்கும் வார் இல்லாமல் ஏறுவது

நீர்புகாத பைனாகுலர்களிலும் பெரும்பாலானவை கல்லுப் போலத் தாழும். செம்மஞ்சள் மிதவை வார் ஒன்று வாங்கி மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஆழமான பீப்பாய்த் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சில வார்கள் அரைக் கிலோவுக்கு மேல் தாங்காமல் கண்ணாடியோடு சேர்ந்து அடிக்குப் போகும்.