குற்றாலம் சீசனுக்கு ஊருக்குள் ஒரு வீடு: வாடகைக்குப் பிடிப்பதும் சுற்றிப் பார்ப்பதும்

ஆறேழு பேர் உள்ள குடும்பம் சாரல் சீசனில் குற்றாலம் போய் இரண்டு நாள் தங்க நினைத்தால், லாட்ஜில் மூன்று ரூம் போடுவதைவிட பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டையே எடுத்துவிடுவது வசதி. முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் செய்தால் போதும்.

முதலில் நாள், பிறகுதான் வீடு

சீசன் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் மேலே மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் கீழே தண்ணீர் விழும். மழை தள்ளிப்போன வருடம் ஜூன் முதல் வாரத்தில் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ செவ்வாய், புதன், வியாழன் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை நாட்களில் வாடகை ஏறும், அருவியில் வரிசையும் நீளும்.

அட்வான்ஸ் போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “அண்ணாச்சி, ஐந்தருவில எத்தனை கிளை விழுது?” ஐந்தும் விழுகிறது என்றால் நல்ல தண்ணீர். இரண்டு, மூன்று என்றால் சுமார். “சூப்பரா விழுது சார்” என்று மட்டும் பதில் வந்தால் அன்று எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள்.

எந்த ஊரில்?

முக்கிய அருவியான பேரருவிக்கு எதிரிலேயே வீடு வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சீசன் நாளில் அந்தத் தெருக்களில் வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு, இரவெல்லாம் சத்தம் வேறு. இலஞ்சி, மேலகரம் பக்கம் பாருங்கள். அருவிக்குச் சில நிமிடப் பயணம்தான், தென்காசி ரயில் நிலையமும் அருகில். வயலும் மலையும் கண்ணுக்கு எதிரே வேண்டும் என்றால் பண்பொழி. அங்கிருந்து அருவிக்குத் தினமும் இரண்டுமுறை ஓடுவது அலுப்பு.

வீட்டைப் பேசும்போது

ஏசி இருக்கிறதா என்று கேட்பார்கள், துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். ஆறு பேர் நாளுக்கு இரண்டு குளியல் போட்டால் பன்னிரண்டு ஜோடி ஈரத்துணி சேரும். சாரலில் மொட்டைமாடிக் கொடியில் போட்டது மறுநாளும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். கூரை போட்ட தாழ்வாரமோ, ஃபேன் உள்ள காலி அறையோ கட்டாயம் வேண்டும். பத்து மீட்டர் நைலான் கயிறும் இரண்டு டஜன் கிளிப்பும் நீங்களே எடுத்துப் போங்கள்.

இன்வெர்ட்டர் உண்டா, கழிவறை எத்தனை, வண்டி உள்ளே நிற்குமா என்றும் கேளுங்கள். வாடகை இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டுக்குக் காலி செய்யவேண்டுமா என்பதை அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் சேர்த்து ஆள் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

பணம் போடும் முன் வீடியோ காலில் தெருவிலிருந்து அடுப்படி வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குமேல் அட்வான்ஸ் வேண்டாம். “இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, முழுசா இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். இல்லாத வீட்டின் படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் பேசும் பேச்சு அது. தேதி, ஆள் கணக்கு, வாடகை, அட்வான்ஸ், கேஸ் உட்படவா என்பதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி “சரி” என்று பதில் வாங்குங்கள். அருவியில் குளிக்கத் தடை போட்டாலும் வாடகை திரும்பாது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

“தனி அருவி உண்டு” என்ற விளம்பரத்துக்கு மயங்கவேண்டாம். ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

சாவி கைக்கு வந்ததும்

எல்லா அறையையும் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். குழாய், கீசர், தாழ்ப்பாள் பாருங்கள். குக்கர் இருந்தால் கேஸ்கட்டை இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பருப்பு வேகாது. வெளியே கிளம்பும்போது அடுப்படி ஜன்னலைச் சாத்தாவிட்டால் குரங்கு உள்ளே வந்து அரிசிவரை இறைத்துவிடும்.

அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்குப் பசி ஒன்றரை மடங்கு. மதியத்துக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று போடுங்கள். ஆறு பேருக்கு இரண்டு மதியத்துக்கு 1.8 கிலோ, 2 கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் சமைக்கவேண்டாம். செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன.

சுற்றும் வரிசை

காலை ஐந்து மணிக்கே பேரருவியில் நில்லுங்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை, பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். இங்கே தலையைக் கொடுத்து நிற்க முடிவதற்குக் காரணம், மேலிருந்து வரும் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து கீழே வருவதுதான். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் போலீஸ் எல்லோரையும் வெளியேற்றிவிடும்.

கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டலாம். தண்ணீர் பழுப்பாகி, இலை, சுள்ளி அடித்து வந்தால் செருப்பைத் தேடாமல் அந்த நொடியே வெளியே வாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. சின்னக் குழந்தைகளுக்குப் புலியருவி போதும்.

குளித்த ஈரம் காய்ந்ததும் சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவரெல்லாம் ஓவியம். மதியம் தூங்கி எழுந்து, மாலையில் தென்காசி காசி விசுவநாதர் கோயில். சீசனில் கோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிர்த்துத் தள்ளும், சில அடி போனதும் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். குடையை விரித்துக்கொண்டு நுழையாதீர்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஐந்தருவி, பிறகு பண்பொழி திருமலை முருகன் கோயில். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை உண்டு. அப்படியே மேக்கரை அடவிநயினார் அணை. ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். வரப்பில் நின்று படம் எடுங்கள், செடிக்குள் இறங்காதீர்கள்.

ஊர் திரும்பும்போது மங்குஸ்தான் வாங்குவீர்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக அமுங்கினால் நல்லது, கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். அடியில் இருக்கும் பூ மாதிரி அடையாளத்தில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.