‘எனத் தெரிகிறது’ என்றால் யாருக்கு? உலகச் செய்திகளைப் படித்துக் கருத்து எழுதும் முறை

தமிழ்ச் செய்திகளில் ஓய்வே இல்லாமல் உழைக்கும் சொல் ‘தெரிகிறது’. ‘இரு நாடுகளும் ரகசியமாகப் பேசியதாகத் தெரிகிறது’ என்று ஒரு வரி வரும். யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று அந்த வரி சொல்லாது. ‘கூறப்படுகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’, ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ எல்லாம் அதன் பங்காளிகள். உலக விவகாரத்தில் கருத்து எழுத உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, இப்படி அநாதையாக நிற்கும் வினைகளுக்கு எழுவாய் தேடுவதுதான்.

தேடலை செய்தியின் இரு முனைகளில் தொடங்கலாம். முதல் வரியில் இருக்கும் ஊர்ப்பெயர் செய்தி எங்கிருந்து எழுதப்பட்டது என்று காட்டும். கடைசியிலோ மேலேயோ சிறிய எழுத்தில் ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்று ஏதாவது ஒரு செய்தி முகமையின் பெயர் இருக்கும். பத்துத் தளங்களில் ஒரே செய்தி வந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது. பெரும்பாலும் ஒரே முகமையின் பிரதியைப் பத்துப் பேர் போட்டிருப்பார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. செய்தியில் வரும் மேற்கோளை அப்படியே தேடுங்கள். எல்லா இடத்திலும் அதே மேற்கோள் அதே வரிசையில் வந்தால் ஒன்று என்றே கணக்கு வையுங்கள். வேறு நிருபர், வேறு ஆள் சொன்னது என்று இருந்தால்தான் இரண்டு.

ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நவம்பர் 15 நல்ல பாடம். போலந்தின் பிஷெவோடுஃப் கிராமத்தில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் நுழைந்தன என்று ஏபி செய்தி அனுப்பியது. ஆதாரம், பெயர் சொல்லாத மூத்த அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஒருவர். மறுநாளே போலந்தும், அது உறுப்பினராக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணியும், விழுந்தது உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கக்கூடும் என்றன. ஏபி செய்தியைத் திரும்பப் பெற்றது. இடமும் இறந்தவர் எண்ணிக்கையும் சரி. யாருடையது என்பது மட்டும் தவறு. முதல் சில மணி நேரத்தில் இப்படித்தான் நடக்கும்: ‘எங்கே, என்ன’ சீக்கிரம் உறுதியாகும், ‘யார், ஏன்’ தாமதமாகும். ஆகவே பழி சுமத்தும் வரியை எழுத 24 மணி நேரமாவது பொறுங்கள். பெரிய தாக்குதல்களில் பலி எண்ணிக்கை அதற்குப் பிறகும் பல நாள் மாறிக்கொண்டிருக்கும்.

அதே இரவில் மூன்றாம் உலகப் போர் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் விதியை ஒருமுறை படித்திருந்தால் பேனா தயங்கியிருக்கும். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால், ஒவ்வொரு நாடும் ‘தேவை எனத் தான் கருதும் நடவடிக்கையை’ எடுக்கும் என்றுதான் அது சொல்கிறது. தானாகப் போர் மூளும் என்று அல்ல. இதுவரை அது பயன்படுத்தப்பட்டது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. போலந்து அப்போது பரிசீலித்தது கலந்தாலோசனைக்கான 4ஆம் விதியை.

‘ஐ.நா. கண்டனம்’ என்ற தலைப்பு

இதைக் கண்டால் உடனே கேளுங்கள்: ஐ.நா.வில் யார்? பொதுச்செயலாளரின் செய்தித் தொடர்பாளரா, 193 நாடுகள் உள்ள பொதுச்சபையா, 15 நாடுகள் உள்ள பாதுகாப்புக் கவுன்சிலா, 47 நாடுகள் உள்ள மனித உரிமைக் கவுன்சிலா? சிறப்பு அறிக்கையாளர் என்றால் அவர் சுதந்திர நிபுணர், ஐ.நா.வின் சார்பில் பேசுபவர் அல்லர். பொதுச்சபையின் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரை மட்டுமே. பாதுகாப்புக் கவுன்சிலில் 9 வாக்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவர்கூட வீட்டோ, அதாவது தடுக்கும் வாக்கு, போடக்கூடாது. அப்படி நிறைவேறிய தீர்மானத்திலும் ‘முடிவு செய்கிறது’ என்ற வினையும் ‘கேட்டுக்கொள்கிறது’ என்ற வினையும் ஒரே எடை அல்ல. தீர்மானங்களின் முழு வாசகம் ஐ.நா.வின் மின் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல தீர்மானங்கள் இரண்டு மூன்று பக்கம்தான்.

வாசகத்தைப் படிக்கும்போது எவ்வளவு நுணுக்கம் வேண்டும்? 1967 நவம்பர் 22 அன்று பாதுகாப்புக் கவுன்சிலில் நிறைவேறிய 242ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். இஸ்ரேலியப் படைகள் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பிரதியில் ‘பகுதிகள்’ என்பதற்கு முன்னால் ‘தி’ என்ற குட்டிச் சொல் இல்லை. பிரெஞ்சுப் பிரதியோ ‘அந்தப் பகுதிகள்’ என்று பொருள்படும்படி இருக்கிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தமிழில் அந்தக் குட்டிச் சொல்லே கிடையாது. ‘அனைத்துப் பகுதிகளிலிருந்தும்’ என்று எழுதிவிட்டால், தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள இரு நீதிமன்றங்களிலும் இதே குழப்பம். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கை விசாரிக்கும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிக்கும். 2023 மார்ச் 17 அன்று விளாதிமிர் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தது இரண்டாவது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் அதில் உறுப்பினர் இல்லை. இது தெரியாமல் ‘ஏன் கைது செய்யவில்லை’ என்று கேட்பதில் பயனில்லை.

நாட்டின் பெயரே எழுவாயாக வந்தாலும் ஏமாறலாம். ‘சீனா எச்சரிக்கை’ என்று வருவது வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கையா, ஆளும் கட்சி சார்ந்த குளோபல் டைம்ஸ் நாளிதழின் தலையங்கமா? இரண்டுக்கும் எடை வேறு. தலைவர்கள் தொலைபேசியில் பேசினால் இரு தரப்பும் வெளியிட்ட குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிதான் அன்றைய செய்தி. ‘மனம்திறந்த பேச்சு’ என்றிருந்தால் கருத்து ஒத்துப்போகவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி இடறும் இடங்கள் சில. ‘கேஷுவால்டீஸ்’ என்றால் இறந்தவரும் காயமடைந்தவரும் சேர்ந்தது. ‘பலி’ என்று எழுதினால் எண்ணிக்கை பல மடங்கு ஊதிவிடும். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் லட்சம் கோடி. போர் ஓய்வு வேறு, அமைதி ஒப்பந்தம் வேறு: 1953 ஜூலை 27 அன்று கொரியாவில் கையெழுத்தானது முதலாவது மட்டுமே.

ஒரு வீடியோ பழையதா, போலியா என்று பார்க்க இவ்வளவு பாடு வேண்டாம். தெளிவான ஒரு காட்சியைப் படமாக எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் போடுங்கள். டின்ஐயில் பழையதை முதலில் வரச் செய்யலாம். ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் எத்தனையோ போர்களின் பெயரில் உலா வந்திருக்கின்றன.

எழுத உட்காரும்போது

எல்லாப் போரையும் எல்லாத் தேர்தலையும் ஒருவரால் பின்தொடர முடியாது. இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து நாளுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தேதி, யார் என்ன சொன்னார், எங்கே படித்தேன் என்று மூன்று கட்டம் போதும். மூன்று மாதத்தில், இன்றைய அறிவிப்பு போன மாதத்து அறிவிப்பின் மறுபதிப்பு என்று உங்கள் நோட்டே சொல்லும்.

கருத்தில் நடந்தது, நான் நினைப்பது, இனி நடக்கலாம் என்பது மூன்றும் தனித்தனி வாக்கியமாக இருக்கட்டும். மூன்றாவதற்குத் தேதியும் எண்ணும் வேண்டும். ‘போர் விரைவில் முடியும்’ என்பது எந்நாளும் பொய்யாகாது, அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. ‘மார்ச் 31க்குள் இரு தரப்பும் கையெழுத்திட்ட போர்நிறுத்தம் வர 30 சதவீத வாய்ப்பு’ என்று எழுதினால் ஏப்ரல் 1 அன்று சரிபார்க்கலாம். அந்த 30ஐ எங்கிருந்து எடுப்பது? இதே இரு தரப்புக்குள் முன்பு எத்தனை முறை பேச்சு நடந்தது, அதில் எத்தனை கையெழுத்தில் முடிந்தது என்று எண்ணித் தொடங்குங்கள். பிறகு இந்த முறை என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

தவறு நேர்ந்தால் பழைய வரியை அழிக்காமல் அடித்துவிட்டு, மேலேயே தேதியுடன் திருத்தம் போடுங்கள். பலரும் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, அந்த எண்ணின் மேல் கட்டிய முடிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஏவுகணை யாருடையது என்பது மாறினால், அதை வைத்து எழுதிய நான்கு பத்தியும் மாற வேண்டும்.